பதினொரு பேருக்கு ஐநூறு பேர்

டைம் ஆபீஸ் வேலை என்பது, ஊரார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதி வைத்துவிட்டு, நாம் எப்போது வீட்டுக்குப் போவோம் என்பது மட்டும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் வேலை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் கேட்டை ஒட்டிய அறையில் இருபது வருடம் அப்படி உட்கார்ந்திருந்தவன் நான். அதில் ஒரு வருடம் மட்டும், எல்லோர் கையிலும் செல்போன் வந்து ஆளாளுக்கு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், என்னைக் கால்பந்து ஆட்டத்துக்கு ஆள் திரட்டும் வேலையில் போட்டார்கள். வாசகர்களே, உங்களில் யாராவது ரிசப்ஷனுக்கோ, சங்கக் கூட்டத்துக்கோ, பள்ளி ஆண்டு விழாவுக்கோ ஆள் சேர்த்திருந்தால், காலி நாற்காலிகளைத் திரும்பத் திரும்ப எண்ணியிருப்பீர்கள். என் துக்கம் உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நாயைச் சேர்க்காமல்

எங்கள் எம்.டி. கல்கத்தாக்காரர். சின்ன வயதில் இங்கே வந்து உலைக்கு முன்னால் நின்று தொழில் கற்றவர். தமிழையும் அங்கேயே, உலையில் வேலை பார்த்த ஆட்களிடமே கற்றுக்கொண்டுவிட்டார். கோட்டு சூட்டோடு வந்து நின்று “இன்னாபா” என்பார். சென்னையிலிருந்து வரும் ஆபீசர்கள் மிரண்டுபோவார்கள்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கால்பந்து. உலைக் கசடு கொட்டி வைத்திருந்த மேட்டுக்குப் பின்னால் நிலத்தைச் சமன் செய்து மைதானம் போட்டார். ஒரு பக்கம் ஐநூறு பேர் உட்காரும்படி சிமெண்ட் காலரி கட்டினார். சுற்றுவட்டாரத்தில் பந்து உதைக்கத் தெரிந்த பதினொரு பையன்களைப் பிடித்து ஆலையில் தற்காலிக வேலை கொடுத்தார். காலையில் வேலை, சாயங்காலம் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை மற்ற ஆலை டீம்களோடு லீக் ஆட்டம். யாருக்காவது அடிபட்டால் இறக்குவதற்கு மெயின்டனன்ஸிலிருந்து தொப்பையோடு இரண்டு பேர்.

எல்லாம் இருந்தது. பார்க்க ஆள்தான் இல்லை. சீசன் பாதி ஓடிய பிறகு ஒருநாள் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, போன ஞாயிறு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். நான் ஆட்டம் பார்க்கப் போகவில்லை, ஆனாலும் பழக்கதோஷத்தில் கேட் ரிஜிஸ்டரைப் பார்த்து வைத்திருந்தேன். “பத்தொன்பது சார். நாயைச் சேர்க்கவில்லை” என்றேன். அவர் ஜன்னல் வழியே காலரியைப் பார்த்தார். கட்டியவர் அவர். பிறகு சொன்னார்: “இன்னும் நாலு ஆட்டம் நம்ம கிரவுண்ட்ல கீது. கடைசி ஆட்டத்துக்கு ஐநூறு பேரு வரணும். வர்லன்னா டீம இஸ்து மூடிட்டு, பசங்க பதினோரு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிடு. தலைய எண்றது உன் வேலைதானே, இதையும் நீயே எண்ணு.”

வட்டத்துக்குள் வராதவர்கள்

எம்.டி. சும்மா விடவில்லை. சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். டை கட்டிய, மிக நல்ல மனிதர். மேசையில் வரைபடத்தை விரித்து, எங்கள் மைதானத்தில் காம்பஸ் முள்ளை ஊன்றி ஒரு பெரிய வட்டம் போட்டார். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு, ஊத்துக்கோட்டை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ஆந்திராவிலும் கொஞ்சம் வந்தது. இந்த வட்டத்துக்குள் இருக்கும் ஜனங்களில் நூற்றுக்கு ஒருவர் வந்தாலே காலரி கொள்ளாது, இன்னும் இரண்டு காலரி கட்ட வேண்டிவரும் என்றார். எனக்கே நெஞ்சு விம்மியது.

அப்போது ஷிஃப்ட் மாற்றிக் கேட்பதற்காக எங்கள் கோல்கீப்பர் கஜா உள்ளே வந்தான். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்துப் பையன். அப்பா ஏரியில் மீன் பிடிப்பவர். ஆலையில் கம்பி கட்டும் இடத்தில் வேலை. ஆறடி உயரம், அதில் பாதி கைதான். வட்டத்தைக் குனிந்து பார்த்தான். விரலால் ஓரமாகத் தடவினான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்: “சார், இதுல இந்தாண்ட பூரா ஏரி. எறாவும் மடவை மீனும்தான் கீது. அதுங்க மேட்சுக்கு வராது சார், வந்தாலும் கைதட்டாது.”

உட்கார இடம் இருக்கிறது

நான் குடியிருந்தது மீஞ்சூரில். தினமும் கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில். எங்கள் பெட்டியில் வருடக்கணக்காக ஒன்றாக வருகிற ஒரு கூட்டம் உண்டு. யார் எங்கே நிற்பது, யார் எந்த ஸ்டேஷனில் இறங்கினால் அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதெல்லாம் எழுதாத சட்டம். ஐநூறில் ஒரு ஐம்பதாவது இங்கே தேறும் என்று கணக்குப் போட்டு, நோட்டீஸ் அச்சடித்துக் கொண்டுபோய் ஆளுக்கொன்று கொடுத்தேன்.

எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் மடித்து விசிறிக்கொண்டார்கள். ஒருவர் வடையைத் துடைத்தார். சீட்டாடும் கோஷ்டிக்குத் தலைவர் மாதிரி இருந்த ஒரு ஃபிட்டர் மட்டும் முழுசாகப் படித்துவிட்டு, டிக்கெட் உண்டா என்று கேட்டார். இல்லை, இலவசம் என்றேன். வெயிலடிக்குமா என்றார். சாயங்காலம்தான் என்றேன். வசமாக மாட்டினார் என்ற சந்தோஷத்தில், நிற்க வேண்டாம், தாராளமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “உக்கார எடம் தாராளமா கீதுன்னா, யாருமே போவாத எடம்னு அர்த்தம் சார். இருபது வருஷமா ரயில்ல வரேன், எனக்குத் தெரியாதா?”

ஊத்துக்கோட்டையும் பழவேற்காடும்

ரயில் கைவிட்டதும் பஸ் ஏறினேன். ஊத்துக்கோட்டைச் சந்தையில் ஒரு காய்கறிக் கடைக்காரம்மா என் நோட்டீஸை வாங்கி, அதிலிருந்த பந்துப் படத்தைப் பார்த்துவிட்டு, பூசணிக்காய் மேல் வைத்துக் கொண்டார். எங்கள் டீமைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவருக்கு இருந்தது ஒரே சந்தேகம்தான். “ஏன் நைனா, பதினோரு பேருக்கு ஒரே ஒரு பந்துதான் வாங்கிக் குடுத்துக்கிறாங்களா? அத்தினி பெரிய கம்பெனி!”

பழவேற்காட்டில் நிலைமை வேறு. அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய்க்குக் கால்பந்து நன்றாகவே தெரிந்திருந்தது. டீ வரவழைத்தார். எங்கள் பையன்கள் எப்படி நின்று ஆடுகிறார்கள், யார் நடுவில், யார் ஓரத்தில் என்று நுணுக்கமாக விசாரித்தார். எனக்குத்தான் பதில் தெரியவில்லை. இப்படிப்பட்ட ரசிகரைத் தேடித்தானே அலைந்தேன் என்று உருகிப்போனேன். இதுவரை எத்தனை ஆட்டம் ஜெயித்தீர்கள் என்று கேட்டார். ஒன்று என்றேன். அதுவும் எதிர் டீம் வந்த வண்டி பஞ்சர் ஆகி, அவர்கள் வராததால் கிடைத்தது என்பதை நான் மறைக்கவில்லை. பாய் பெருமூச்சு விட்டார். “ஜெயிக்கிற டீம டிவியில பாத்துக்கறேன் தம்பி. தோக்கறத பாக்கணும்னா என் ஊட்லயே மூணு பேரு பரீட்சை எழுதறானுங்க.”

ஒரு நிஜமான ரசிகர்

வருகிற பத்தொன்பது பேரையாவது தக்கவைத்துக்கொள்வோம் என்று அவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான்கு பேர் வாட்ச்மேன்கள். மூன்று பேர் மைதானத்துக்குள் மாடு மேய்ப்பவர்கள். ஆட்டம் நடக்கும்போது மாட்டை ஓரமாக ஓட்டிவிட்டு, எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மீதிப் பேர் இப்படியும் அப்படியும். ஒருவர் மட்டும் வேறு ரகம். ஒரு ஆட்டம் தவறாமல் வருவார். காலரியின் தெற்கு மூலையில் அதே படியில், ஒற்றை ஆளாக, வேறு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். கோல் விழுந்தாலும் அசைய மாட்டார். நாங்கள் வாங்கிய கோல்தான் என்பதால் துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

இவரை எம்.டி.க்கு அறிமுகப்படுத்தலாம் என்று ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உங்களுக்கு நம் டீமில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். “டீமா? என் சம்சாரம் ஷூ கம்பெனியில கீது சார், ஞாயித்துக்கெழமையும் ஷிஃப்ட். ஆறு மணிக்கு அவ வர்ற பஸ்ஸு இங்க வந்து நிக்கும். அதுவரிக்கும் நெழலு இந்தப் படியிலதான் விழுது.”

கார்டு அடித்த கதை

இனி வெளியாரை நம்பிப் பயனில்லை, ஆலைக்குள்ளேயே அறுநூறு பேர் இருக்கிறார்களே என்று புத்தி வந்தது. வந்திருக்க வேண்டாம்.

எங்கள் ஆலையில் தீபாவளி, பொங்கலுக்கு யாருக்கு லீவு என்பதில்தான் வருடா வருடம் கைகலப்பு வரும். உலையை அணைக்க முடியாதே. அதனால் எம்.டி.யிடம் அனுமதி வாங்கி ஓர் ஏற்பாடு செய்தேன்: ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குப் பண்டிகை லீவில் முன்னுரிமை. ஸ்டோரில் கிடந்த, கார்டில் நேரம் பதிக்கிற பழைய பஞ்ச் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு மைதான வாசலில் மாட்டினேன். ஆளுக்கொரு கார்டு. வரும்போது ஒரு அடி, போகும்போது ஒரு அடி.

அந்த ஞாயிறு எனக்கு வீட்டில் விசேஷம், போக முடியவில்லை. திங்கள் காலை கார்டுகளை எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு! மறுபடி எண்ணினேன். அதேதான். ஓடிப்போய் எம்.டி.யிடம் சொன்னேன். அவரும் அடுத்த ஞாயிறு சென்னையிலிருந்து நான்கு நண்பர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கார்டுகளில் முந்நூற்று நாற்பது பேர் உள்ளே இருந்தார்கள். காலரியில் இருபத்தேழு பேர் இருந்தார்கள்.

விசாரித்தால், டிபார்ட்மென்ட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு, வந்தவர் அவருடைய ஆட்கள் அத்தனை பேர் கார்டையும் அடித்திருக்கிறார். ஒருவன் கார்டை இன்னொருவன் அடித்தால் மெமோ கொடுத்தே பெயர் வாங்கியவன் நான். என் மெஷினிலேயே! யூனியன் செயலாளர் தனசேகரைக் கூப்பிட்டுக் கத்தினேன். நண்பர்கள் முன்னால் அவமானப்பட்ட எம்.டி.யும் பக்கத்தில் நின்றிருந்தார். தனசேகர் அசரவில்லை. நின்று நிதானமாகக் கேட்டார்: “மேட்ச் பாக்கறது டூட்டியா, டூட்டி இல்லையா? டூட்டின்னா ஓ.டி. போடுங்க. டூட்டி இல்லன்னா இங்க பஞ்ச் மெஷினுக்கு இன்னா வேல?”

வலையைப் பார்த்து நிற்கிறவன்

கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. என் கையில் உறுதியாக இருந்தது அதே பத்தொன்பதுதான், அதிலும் நிழலுக்கு வந்தவர் ஒருவர். மதியம் கேன்டீனில் கஜா என் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தான். வேலை போனால் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான், ஏரிக்குத்தான் போகணும் என்று. அதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவனுடைய வருத்தம் வேறு. “எங்கப்பன் காலம்பூரா வலையில எதுனா மாட்டணும்னு பாத்துக்கினு நின்னாரு சார். நான் எதுவும் மாட்டக்கூடாதுன்னு நிக்கறேன். இதுக்கு ஒரு கம்பெனி வேல குடுக்குதுன்னு சொன்னா ஊட்ல நம்பவே இல்ல. இப்பதான் நம்ப ஆரம்பிச்சாங்க.”

அதுவரை ஐநூறு என்பது எனக்கு ரிஜிஸ்டரில் ஓர் எண்தான். அன்றைக்குத்தான் பதினொரு முகமும் கண்ணில் வந்து நின்றது. ஐநூறு வருமா சார் என்று கேட்டான். டைம் ஆபீசில் யாருக்கும் ஒரு நிமிஷம் கூட்டிப் போடாதவன், பட்டென்று வரும் என்று சொல்லிவிட்டேன். அவன் என் முகத்தையே பார்த்தான். “நீங்க பொய் சொல்லி இப்பதான் சார் பாக்கறேன். நல்லாவே வர்ல.”

தவறினால்

மறுநாள் எம்.டி. சொன்னபடி நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினேன். ஞாயிறன்று ஐநூறு பேர் வர வேண்டும், தவறினால் டீம் கலைக்கப்படும், பதினொரு பேரும் விடுவிக்கப்படுவார்கள் என்று தெளிவாகத்தான் அடித்திருந்தேன். ஆனால் எங்கள் ஆலையில் ‘தவறினால்’ என்று எழுதிய நோட்டீஸ் எதுவும் இதுவரை தவறியதில்லை. அதனால் யாரும் முதல் வரியைப் படிக்கவே இல்லை. டீம் போய்விட்டது, பசங்களை அனுப்புகிறார்கள் என்று மத்தியானத்துக்குள் மூன்று ஷிஃப்ட்டுக்கும் செய்தி பரவிவிட்டது.

எங்கள் வட்டாரத்து ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ரிட்டயர் ஆகும் நாளில், அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கூடி, மாலை போட்டு, மேளதாளத்தோடு கேட்டிலிருந்து வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். வேலை பார்த்த முப்பது வருடமும் அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவன்கூட அன்றைக்கு வந்து கட்டிப்பிடித்து அழுவான். போகாமல் இருப்பது பெரிய குற்றம். உள்ளே இருக்கும்வரை ஒருவனைத் திட்டலாம், வெளியே போகும்போது தனியாக அனுப்பக் கூடாது.

புதன்கிழமை தனசேகர் டைம் ஆபீசுக்கு வந்தார். ஒரு தாளில் ஏதோ எழுதி வைத்திருந்தார். வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. நான் விழித்தேன். “பதினோரு பேரு ஒரே நாள்ல வெளிய போறாங்க சார். ஆட்டத்த நாங்க பாக்காம இருக்கலாம், பசங்க எங்க பசங்க. சென்ட்-ஆஃப் தராம அனுப்பினா நாளைக்கு எங்கள யாரு வழியனுப்புவா?”

மாலையோடு ஆடிய ஆட்டம்

ஞாயிறு மூன்று மணிக்கு மைதான வாசலில் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்தேன். மெஷினை நம்பவில்லை; நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிற பழைய முறைதான். மூன்றரைக்கு உலைப் பிரிவு வந்தது, குடும்பத்தோடு. பிறகு ரோலிங் மில். பிறகு கிரேன் ஆட்கள். பெண்கள் தலைநிறையப் பூவோடு வந்தார்கள். பாண்டு கோஷ்டி வந்தது, அவர்களையும் எண்ணினேன். பழவேற்காட்டிலிருந்து ஒரு வேனில் கஜாவின் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். அவன் அப்பா கோல் வலையைப் போய்த் தொட்டுப் பார்த்து, கண்ணி ரொம்பப் பெரிசு என்று குறை சொன்னார். தெற்கு மூலை நிழல்காரர் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, இன்னா சார் இது பேஜாரு, என் எடம் போச்சே என்று என்னிடம் புகார் செய்தார்.

ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே பதினொரு பேருக்கும் மாலை போட்டுவிட்டார்கள். கழற்றினால் அபசகுனம் என்று யாரோ சொல்ல, ரெஃபரி வந்து சண்டை போட்டுக் கழற்ற வைத்தார். எதிர் டீம் காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்து வந்திருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு ஷிஃப்ட் என்பதால் சரியாகப் பதினொரு பேர்தான், ஒரு எக்ஸ்ட்ராகூட இல்லை. யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து நம் பையன்களுக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள்.

கடைசி ஐந்து நிமிஷம் வரை கோல் இல்லை. கஜா எங்கெங்கோ பறந்து பறந்து தடுத்தான். ஒவ்வொரு தடவையும் பாண்டு கோஷ்டி வாசித்துத் தள்ளியது. அப்புறம் எங்கள் பையன் ஒருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினான். எதிர் டீம்காரர்கள் அத்தனை பேரும் ஆஃப்சைடு, ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். விசில் ஊதவே இல்லை. பந்து வலைக்குள் போயிற்று. காலரியே எழுந்து நின்று கத்தியது. சத்தம் அடங்கிய பிறகு, மெயின்டனன்ஸ் தொப்பைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “ஒரு வருஷமா ஆடறானுங்க, கோல் போட்டா இப்டி இருக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்!”

நானூற்று எண்பத்தாறு

ஆட்டம் முடிந்தது. கோடுகளைக் கூட்டினேன். நானூற்று எண்பத்தாறு. மறுபடி கூட்டினேன். அப்படியேதான் வந்தது. வாசலுக்கு வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒரு மாடுதான் நின்றது. எம்.டி. காலரியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். என் பேனா தானாகவே நகர்ந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு ஐந்துகோட்டுக் கட்டும் நாலு கோடும் போட்டு, கீழே ஐநூறு என்று எழுதிவிட்டேன். எத்தனை பேருக்கு மெமோ கொடுத்திருப்பேன் இதற்காக!

எம்.டி. ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். சுற்றிலும் தனசேகர், பையன்கள், பாதிக் கூட்டம். “கரீட்டா ஐநூறா? ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல?” என்றார். என்னால் முடியவில்லை. “இல்ல சார். நானூத்தி எம்பத்தாறுதான். பதினாலு நான் போட்டது” என்று சொல்லிவிட்டேன். கஜாவின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் வாயாலேயே பதினொரு பேரை அனுப்பிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுபடியும் மாலையைப் போட்டுக்கொண்டு நின்ற கஜாதான் வாயைத் திறந்தான். “சாரு தப்பா ஒண்ணும் போடல சார். நம்ம கோலு போட்டப்ப எதிர் டீமு பதினோரு பேரும் ஆடல, கைய தூக்கிக்கினு நின்னு பாத்தானுங்க. ரெஃபரியும் லைன்ஸ்மேன் ரெண்டு பேரும் பாக்கறதுக்குன்னே வந்தவங்க. பதினொண்ணும் மூணும் எவ்ளோ?”

எம்.டி. மைதானத்தைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஐநூறுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அப்புறம் எழுந்த சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்றே கேட்கவில்லை. எல்லோரும் துள்ளிக்கொண்டிருக்க, தனசேகர் மட்டும் பேச்சுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். “இன்னா சார் இது, மாலை போட்டாச்சு, அழுதாச்சு. நாளைக்கு காலைல இவனுங்க பதினோரு பேரும் ஷிஃப்ட்டுக்கு வந்து நின்னா நாங்க எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பேசறது?”

அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் இருபது பேர். ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் மாறியதால் நிழல்காரரின் சம்சாரமும் கூட வந்திருந்தார். இருக்கிற டீமைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள், போகிற டீமை வழியனுப்பத்தான் வருவார்கள் என்று தெரிந்துகொண்டபடியால், அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனும் முடியப்போகும்போது “டீமைக் கலைக்கப் போகிறார்களாமே” என்று தனசேகர் காதில் விழும்படி ஒரு வார்த்தை போட்டு வைப்பதையும் டைம் ஆபீஸ் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.